விதவைக்குப் போட்ட கூரை

எழுத்துப் பிழை நிறைய வரும், முதலிலேயே மன்னித்துவிடுங்கள். தங்கச் சுரங்கக் கம்பெனி நடத்தின பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். அதற்குப் பிறகு எழுதியது என்றால் மளிகைச் சீட்டும், கட்டிக்கொடுத்த மகளுக்குப் போட்ட நாலு கடிதமும்தான். மறதியும் அதிகம். முந்தாநாள் நடந்ததை நேற்று என்பேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். கம்பெனி கட்டின லைன் வீடுகளில் இருக்கிற ஆட்கள் தங்கள் கதையை எழுதிக்கொடுத்தால் புத்தகமாகப் போடுவோம் என்று வாசகசாலையில் சொன்னார்கள். எல்லாரும் மைனைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் மைனுக்குள் இறங்கினதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு சமையலறை. அதை எழுதுகிறேன்.

மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து மேட்டில் ஏறினால் பழைய இஞ்சினியர் பங்களா ஒன்று வரும். அதில் வெளிநாட்டு மிஷனரிகள் இரண்டு பேர், புருஷனும் பெண்ஜாதியும், பதினோரு வருஷமாக இருக்கிறார்கள். ஐயா, அம்மா என்று கூப்பிடுவோம். என் வீட்டுக்காரர் மட்டும் ‘தொரை, தொரசானி’ என்பார். நான் அங்கே ஒன்பது வருஷமாகச் சமைக்கிறேன்.

இவர்கள் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் என்று லைனில் நினைக்கிறார்கள். இருக்கலாம். நான் பார்த்தவரைக்கும் அதற்கு அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர்கள் ஊர் சபைகளிலிருந்து வருகிற டீம்களைப் பார்த்துக்கொள்ளவே பொழுது சரியாகிவிடுகிறது.

டீம் என்றால் பதினைந்து பேர், பத்து நாள். ஊழியம் செய்ய வருகிறார்கள். யாருக்கு என்று கேட்காதீர்கள். ஊழியம் நடக்கிறது, அதைச் செய்கிறவள் நான், வாங்கிக்கொள்கிறவர்கள் அவர்கள்.

அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வீடு ரெண்டுபடும். மெத்தைகளை வெயிலில் போட வேண்டும். கொசுவலை தைக்க வேண்டும். தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்கவைத்து ஆறவைத்து கேன்களில் ஊற்ற வேண்டும். பல் விளக்கவும் அதே தண்ணீர்தான். ஒருத்திக்கு கோதுமை ஆகாது, ஒருத்தனுக்குப் பால் ஆகாது, ஒருத்தி கறி தின்ன மாட்டாள், ஒருத்தன் கறி தவிர ஒன்றும் தின்ன மாட்டான். இதெல்லாம் ஒரு சீட்டில் எழுதி அம்மா என் அடுப்புக்கு மேலே ஒட்டிவைப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு: காரம் கூடாது. அப்படி வேகவைத்துக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, ‘இந்தியச் சாப்பாடு அருமை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நான் சமைத்ததிலேயே அதுதான் கேவலமான சாப்பாடு.

விடியற்காலையில் ஐயா வேனோடு பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போவார். அங்கே ஒருத்தர் பெட்டி வந்திருக்காது. அதற்கு அரை நாள். வந்து இறங்கியதும் நாலு பேர் ஒரே சமயத்தில் கீசர் போட்டு ஃபியூஸ் போகும். மூன்றாம் நாள் பாதிப் பேருக்கு வயிறு போகும். டாய்லெட்டில் பேப்பர் போடாதீர்கள் என்று கதவில் எழுதி, படமும் வரைந்து ஒட்டியிருக்கிறது, போடுவார்கள். ஐயா மூங்கில் கழியோடு சாக்கடைப் பக்கம் நிற்பார். உள்ளே கிடாரோடு பாட்டு நடக்கும். இரண்டு பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்த மனுஷன் என்று அம்மா ஒருமுறை சொன்னார்கள். அந்தப் படிப்பு எதற்கு உதவியதோ, கழியைப் பிடிக்கிற லாவகம் நன்றாக வந்திருந்தது.

அம்மா அதற்கு மேல். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் மாத்திரை டப்பா. யாராவது ஒரு பெண் நம் லைனைப் பார்த்துவிட்டு வந்து அழும், அவளுக்குத் தோள் கொடுக்க வேண்டும். டீமில் ஒரு பெண் கட்டாயம் அழும். இவ்வளவு சின்ன வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று என் கண் எதிரே அழுதுவிட்டு, என்னிடமே இன்னொரு காபி கேட்கும்.

பிள்ளைகளுக்கு மூன்று நாள் பாட்டு வகுப்பு வைப்பார்கள். கையைத் தூக்கி, காலை மடக்கி, சுற்றிவந்து பாடுகிற பாட்டு. எல்லா டீமும் அதே பாட்டைத்தான் கொண்டுவரும். நம் பிள்ளைகளுக்கு அது தூக்கத்தில் வரும். ஆனாலும் முதல் நாள் தெரியாத மாதிரி தப்புத் தப்பாகக் கையை ஆட்டி, மூன்றாம் நாள் சரியாகச் செய்து காட்டுவார்கள். பிஸ்கட் பாக்கெட் அதற்குத்தான் என்று அதுகளுக்குத் தெரியும். கடைசியில் யார் யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். போன டீமுக்குத் தூக்கின கைதான். அதையும் எண்ணி எழுதிக்கொண்டு போவார்கள்.

இதெல்லாம் நான் சகித்துக்கொண்டதுதான். இனிமேல் சொல்லப்போவது என் வீட்டு விஷயம்.

எங்கள் லைன் வீடு ஒரு ரூம், ஒரு அடுப்படி. மேலே கம்பெனி காலத்துத் தகர ஷீட். அது துருப்பிடித்து, கட்டில் இருக்கிற பக்கம் ஒழுக ஆரம்பித்து ரெண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் அண்டர்கிரவுண்டில் பாறை சரியாமல் மரம் கட்டுகிற கேங்கில் இருந்தவர். மைன் மூடின பிறகு காலை ரயிலில் பெங்களூர் போய் ஷீட் கூரை போடுகிற வேலை பார்த்தார். ஊரெல்லாம் ஃபேக்டரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கூரை போட்ட மனுஷன். பிறகு மைன் தூசு நெஞ்சில் வேலையைக் காட்டியது. இப்போது நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். ஈரம் பட்டால் போச்சு. போன மழைக்கு மூன்று வாரம் கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் படுத்திருந்தார். ‘இன்னொரு மழை இப்படி நனைஞ்சா என்கிட்ட கொண்டுவராதீங்க’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னாரோ, உண்மையைச் சொன்னாரோ. அதிலிருந்து வானம் கறுத்தால் நான் ஷீட்டில் ஓட்டைகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

ஆடி பிறக்க ஒரு மாதம் இருக்கும். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். டீம் வரப்போகிற நேரத்தில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா புத்தகத்தில் படித்துத் தமிழ் கற்றவர்கள். மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள்.

“அக்கா, இந்த முறை வருகிற குழு உங்கள் வீட்டுக்குப் புதிய கூரை போட விரும்புகிறது.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். “நெசமாவாம்மா?” என்றேன்.

“உண்மைதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.” அவர்கள் பீன்ஸ் நாரை எடுத்துச் சுருட்டினார்கள். “சென்ற வருடம் வந்த குழுத் தலைவர், நீங்கள் ஒரு விதவை என்று நினைத்துவிட்டார்.”

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கும்போது பெண்கள் தாலி, தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பூவும் பொட்டும் கிடையாது. நான் முப்பது வருஷம் முன்னால் கழற்றினேன். அதைக் கழற்றச் சொல்லிக்கொடுத்ததே இவர்களைப் போல் வந்த வெள்ளைக்காரப் போதகர்கள்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகளே இப்போது மூக்கிலும் புருவத்திலும் வளையம் மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். விமானம் ஏறும் முன்னால் நம் நாட்டைப் பற்றி அவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்களாம். அதில் தாலியும் பொட்டும் இல்லாத பெண் விதவை என்று எழுதியிருக்கிறதாம். அந்தத் தலைவர் என் வெறும் கழுத்தைப் பார்த்திருக்கிறார், புத்தகத்தைப் பார்த்திருக்கிறார், ஊருக்குப் போய் சபையில் என் போட்டோவைக் காட்டி, ‘இந்த ஏழை விதவையின் வீடு ஒழுகுகிறது’ என்று பிரசங்கம் செய்திருக்கிறார். சபையே அழுததாம். ஐயாவும் தன் ஊர் சபைகளுக்கு மாதாமாதம் அனுப்புகிற ஜெபக் கடிதத்தில் அதை அப்படியே எழுதிவிட்டார்.

“அவரு உசுரோட இருக்கார்னு ஐயாவுக்குத் தெரியுமே?” என்றேன்.

“தெரியும். ஆனால் அவர்கள் இருதயம் ஏற்கெனவே அசைந்துவிட்டது. இப்போது மாற்றினால் குழப்பம் வரும்.” அம்மாவின் காது சிவந்துபோயிருந்தது. “நான்கு நாட்கள் மட்டும். வேலை நடக்கும்போது உங்கள் கணவர் வேறு எங்காவது இருக்க முடியுமா?”

வேறு ஒருத்தியாக இருந்தால் பீன்ஸ் தட்டைத் தூக்கி எறிந்திருப்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தை நறுக்கினேன். எனக்கு ஷீட் தெரிந்தது, ஆக்ஸிஜன் குழாய் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

“எப்போமே செத்தேன்? இன்னா வியாதின்னு போட்டிருக்காங்க?”

“சும்மா இருங்க.”

“சாவுக்கு வந்தவங்களுக்கு டீயாவது குடுத்தியா?”

“உங்களுக்கு எல்லாம் வெளாட்டு. நான் முடியாதுன்னு சொல்லிடட்டுமா?”

சிரிப்பை நிறுத்தி மேலே பார்த்தார். ஷீட்டில் ஓட்டை வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். “வேணாம். நாலு நாள்தானே. செத்துட்டுப் போறேன்,” என்றார்.

எதிர் வீட்டில் இருப்பவர் அவரோடு ஒரே கேங்கில் வேலை செய்தவர், புத்த மதக்காரர், யூனியன் ஆள். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். அந்த நாலு நாளும் என் வீட்டுக்காரர் அவர் வாசலில் இருப்பது என்று முடிவானது. நாங்கள் படுப்பதும் அவர்கள் வீட்டிலேதான்.

டீம் வந்தது. அதே தலைவர்தான் மறுபடியும் வந்தார். ஆறடிக்கு மேலே, சிவப்புத் தொப்பி. ஊரில் கம்ப்யூட்டர் விற்கிறவராம். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அம்மா மொழிபெயர்த்தார்கள்: “கர்த்தர் உங்களை மறக்கவில்லை என்கிறார்.” எதிர் வாசலிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“வாய்யா செத்தவனே, டீ ஆறுது,” என்று யூனியன்காரர் அங்கே இவரைக் கூப்பிட்டது லைன் முழுக்கக் கேட்டது. நல்லவேளை, டீமில் யாருக்கும் தமிழ் தெரியாது.

முதல் நாள் பழைய ஷீட்டைப் பிரித்தார்கள். பிரிப்பது அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு ஷீட்டும் தரையில் விழுந்தபோது கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் என் வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கட்டிலை, பீரோவை, அடுப்பை எல்லாம் தார்ப்பாயில் மூடிக் கட்டினோம்.

இரண்டாம் நாள் யாரும் வரவில்லை. ஏன் என்று மிஷன் வீட்டில் கேட்டால், அன்றைக்கு ப்ரோக்ராமில் ஓய்வு நாள் என்று போட்டிருக்கிறதாம். எல்லாரும் வேனில் ஏறி சயனைடு மேட்டைப் பார்க்கப் போனார்கள். மைன் கழிவு மண்ணில் நின்று பாலைவனம் மாதிரி இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து பேருக்கு ஓய்வு வேண்டியிருந்தது. நியாயம்தான், கைதட்டிக் களைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் புது ஷீட் வந்தது. நல்ல ஷீட், நீல நிறம். அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஏணியில் ஏறிக் குறுக்குச் சட்டத்தின் மேல் ஷீட்டை வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி அடிக்க, ஒருத்தி அதை வீடியோ எடுக்க, இன்னொருத்தி கீழே நின்று பாட்டுப் போட்டாள். நான் சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐயா வரவில்லை, சாக்கடை மறுபடியும் அடைத்துக்கொண்டது. அம்மா மட்டும் இருந்தார்கள்.

எதிர் வாசலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். யூனியன்காரர் அவர் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். பத்து வருஷம் அவர் கூரை வேலைக்குப் போகச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன், எனக்கே அந்தத் தப்பு தெரிந்தது.

தகர ஷீட்டில் மேடு ஒன்று, பள்ளம் ஒன்று என்று வரிசையாக இருக்கும். ஆணியை மேட்டில்தான் அடிக்க வேண்டும். தண்ணீர் பள்ளத்தில் ஓடும், மேட்டு ஆணி நனையாது. இவர்கள் ஒவ்வொரு ஆணியையும் பள்ளத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் ஷீட் சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், அடிக்க சுலபம், அதனால். வரிசையாக, அழகாக, என் கூரையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கூரை ஒரு பக்கம்தான் ஒழுகியது.

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. காபி ஜாடியைக் கீழே வைத்தேன். அம்மாவிடம் போய் மெதுவாக, “ஆணி தப்பா அடிக்கிறாங்கம்மா,” என்றேன்.

அம்மா மேலே பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். “அக்கா, அவர்கள் மிகுந்த அன்போடு செய்கிறார்கள்,” என்றார்கள்.

அதற்குள் செத்தவர் எழுந்து வந்துவிட்டார்.

தெருவைத் தாண்டும்போதே கத்திக்கொண்டு வந்தார். “டேய், மேட்டுல அடிங்கடா! பள்ளத்துல அடிச்சா எல்லாத் தண்ணியும் உள்ளதான்டா வரும்! எவன்டா உங்களுக்கு சுத்தி குடுத்தான்?” பாதித் தெருவில் மூச்சு முட்டி நின்றார். பிறகு மறுபடியும் வந்து, ஏணியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். மேலே இருந்த பெண் வீலென்று கத்தினாள்.

சிவப்புத் தொப்பி இறங்கி வந்தார். அம்மாவிடம் இங்கிலீஷில் கேட்டார். யார் இந்தக் கிழவன் என்று கேட்கிறார் என்று எனக்கே புரிந்தது.

அம்மா என்னைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். “நெய்பர்,” என்றார்கள்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரன்.

நான் அந்த மனுஷனோடு நாற்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவள். ஆட்களை மைனுக்குள் இறக்குகிற கேஜ் கயிறு அறுந்தது என்று சைரன் ஊதினபோது சுரங்க ஷாஃப்ட் வாசலில் கைக்குழந்தையோடு நின்றவள். அன்றைக்கு அவர் உயிரோடு மேலே வந்தார். அவரைச் சாகடித்தது ஒரு போட்டோ. அதற்கு நானும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தலையாட்டியிருந்தேன்.

“நெய்பர் இல்ல,” என்றேன். சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. “ஹஸ்பெண்ட். மை ஹஸ்பெண்ட்.” எனக்கு இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

பாட்டு நின்றது. வீடியோ எடுத்தவள் ஃபோனை இறக்கினாள். சிவப்புத் தொப்பி என் கழுத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டாமா? விதவை இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம், கல்யாணத்துக்கு வந்து சாப்பாடு இல்லை என்று சொல்லக் கேட்டவர் முகம் மாதிரி ஆனது.

எல்லாரும் வட்டமாக நின்று கை கோத்துக்கொண்டு ஜெபம் செய்தார்கள். ரொம்ப நேரம். யூனியன்காரர் தன் வாசலில் இருந்து, “யாருக்குய்யா ஜெபம், செத்தவனுக்கா பொழச்சவனுக்கா?” என்று கேட்டார். ஜெபம் முடிந்ததும் அம்மா என்னிடம் வந்தார்கள்.

“அக்கா, அவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள். மீதி ஷீட்டுகளை உண்மையான ஒரு விதவைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.”

“பாதிக் கூரை தெறந்து கெடக்குதேம்மா.”

“நான் அவர்களிடம் பேசுகிறேன்.”

பேசினார்கள், பார்த்தேன். ஆனால் ஷீட் வேனில் ஏறியது. சுத்தியலும் ஏறியது. சாயங்காலம் கடை வீதிக்குப் போகிற ப்ரோக்ராம் இருந்தது, அதற்கு நேரமாகிவிட்டது.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். பங்காருப்பேட்டை பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் ஆணி அடித்த பாதிக் கூரை, ஒன்றுமே இல்லாத பாதி. என் வாயால் கெட்டது என்று நினைத்தேன். வாழ்நாளில் ஒரு முறை திறந்த வாய்.

“இன்னாமே உக்காந்துட்ட?” என்றார் வீட்டுக்காரர். “எழுந்திரு. பழைய ஷீட்ட எங்க போட்டாங்க பாரு. நல்லதா நாலு பொறுக்கணும்.”

யூனியன்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அவருக்கு எழுபது வயது. லைனில் இன்னும் ரெண்டு பழைய ஆட்கள் வந்தார்கள். மேலே ஏறினதெல்லாம் அந்த மூன்று பேர்தான். என் வீட்டுக்காரர் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். “மச்சான், அந்த ஷீட்டு ஒரு மேடு ஏத்திப் போடு. காத்து எந்தப் பக்கம் வருது பார்த்துப் போடுய்யா. உன் யூனியன்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?” “செத்தவனுக்கு வாயப் பாரு,” என்று மேலேயிருந்து பதில் வந்தது. பள்ளத்து ஆணியை எல்லாம் பிடுங்கி மேட்டில் அடித்தார்கள். ஓட்டைகளை அடைக்கத் தார் இல்லை.

அப்போது அம்மா ஸ்கூட்டரில் தனியாக வந்தார்கள். பின்னால் ஒரு தார் டின் கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் எதிரில் போய் நின்று, “நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார்கள்.

அவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். “தீ மூட்டத் தெரியுமா?” என்றார்.

அம்மா மூன்று கல் வைத்து, குந்தி உட்கார்ந்து, தாரை உருக்கினார்கள். புகையில் கண் எரிந்தது. கைதட்ட ஆள் இல்லை, வீடியோ எடுக்க ஆள் இல்லை. பதினோரு வருஷத்தில் நம் லைனில் அவர்கள் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. தார் வாளியைத் தூக்கிக் கொடுக்கும்போது, “அவர்கள் ஊருக்குப் போன பிறகு உண்மையைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அக்கா,” என்றார்கள். “போன பிறகு யாரும்மா கேப்பாங்க?” என்றேன். அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசின இரண்டாவது பேச்சு அது. அவர்கள் குனிந்து அடுத்த வாளியில் தாரை ஊற்றினார்கள்.

மறுநாள் மத்தியானம் மழை வந்தது. சாதாரண மழை இல்லை, தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி. நான் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அண்ணாந்தபடியே நின்றேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு, “அந்த மூலையில ஒண்ணு வரும் பாரு,” என்றார். வந்தது, அடுப்படிப் பக்கம், ஒரே இடத்தில். அங்கே ஒரு குண்டானை வைத்தேன். கட்டில் பக்கம் ஒரு சொட்டு இல்லை. மேலே பாதி நீலம், பாதி துரு, பார்க்க அசிங்கம். அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனார். மூச்சு சத்தம் வந்துகொண்டிருந்தது, கரகரவென்று, ஆனால் சீராக. மழையில் அது கேட்காமல் போய்விடுமோ என்று நான் கட்டிலை ஒட்டிக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வருஷம் கோலாருக்குப் போகவேண்டி வரவில்லை.

நான் இப்போதும் அங்கேதான் சமைக்கிறேன். வேறு எங்கே போவேன்? அடுத்த டீம் வந்தது, அதற்கடுத்தது வந்தது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. டீம் வந்தால் இவர் மெதுவாக நடந்து, மூன்று இடத்தில் நின்று, மிஷன் வீட்டு கேட்டுக்கு வருகிறார். நான் தட்டில் சோறு போட்டுக் கொடுக்கிறேன், காரமாகத் தனியாகச் செய்தது. எல்லாரும் பார்க்கிற மாதிரி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். யாராவது யார் என்று கேட்டால், நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அம்மா ‘ஹஸ்பெண்ட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஐயா சாக்கடைப் பக்கம் போய்விடுகிறார்.

இதைப் புத்தகத்தில் போடுவதற்கு முன்னால் யாராவது ஒரு தரம் சரிபார்த்துவிடுங்கள். மழை வந்தது மறுநாளா, அதற்கும் மறுநாளா என்பதில் எனக்குச் சந்தேகம். பழைய ஷீட் நாலு போட்டார்களா ஐந்தா, அதுவும் நிச்சயமில்லை. ஆணி விஷயத்தில் நான் எதையாவது மாற்றி எழுதியிருக்கலாம். என்னிடம் கேட்க வேண்டாம், நான் இன்னும் குழப்புவேன். வீட்டுக்கு வந்து அவரையே கேளுங்கள். சாயங்காலத்தில் நன்றாகப் பேசுவார்.